சின்னக்கல்லாறு மழையில அப்பாவும் நானும்: ஆடி மாசப் பயணக் குறிப்பு

சனிக்கிழமை

ஜூன் பொறந்தா போதும், மழை நியூஸ்ல கோவை மாவட்டம் சின்னக்கல்லாறு, நீலகிரி மாவட்டம் தேவாலான்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கும், எங்கப்பா அதைக் கேக்கறதுக்குன்னே சோத்துத் தட்டோட டிவி முன்னாடி வந்து உக்காருவாரு. நாங்க வெள்ளகோவில் பக்கம், பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கடைமடை. அங்க பேஞ்சாத்தான் இங்க தண்ணி, சின்ன வயசுல இருந்து இதைக் கேட்டுக் கேட்டு வளந்தவன் நான். ஆனா அந்த ஊர எங்க வீட்ல யாரும் கண்ணால பாத்ததில்ல. அப்பாவுக்கு அறுபத்தி மூணு வயசாச்சு, இந்த வருஷம் போயே ஆகணும்னு கூட்டிட்டுக் கிளம்பிட்டேன்.

தங்கறதுக்கு எடம் கெடச்சதுதான் பெரிய விஷயம். என் கூட காலேஜ்ல படிச்சவன் ஒருத்தன் சின்னக்கல்லாறு பக்கம் எஸ்டேட்ல பொறந்தவன், இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான், அவங்கம்மா இன்னும் அங்கயேதான் லைன் வீட்ல, அதான் எஸ்டேட் தொழிலாளிகளுக்கு வரிசையாக் கட்டுன வீட்ல இருக்காங்க. "அம்மாகிட்ட சொல்லீர்றேன், நீ ஓட்டல் கீட்டல்னு போயிராத"ன்னு கண்டிச்சே சொல்லிட்டான்.

பொள்ளாச்சில பஸ் ஏறும்போது வெயில், நம்பவே முடியல. காத்து மட்டும் ஆளைத் தள்ளுது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. பொள்ளாச்சில இருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ, அங்க இருந்து கீழ ஆழியாறு அணை வெயில்ல பளபளன்னு தெரிஞ்சுது, பாறை மேல வரையாடு ரெண்டு நின்னுச்சு. அட்டகட்டி தாண்டுனதும் பஸ்ஸுக்குள்ள எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சு ஷட்டர எறக்கறாங்க, எதுக்குன்னு கேக்கறதுக்குள்ள மழை. தூறல் போட்டு ஆரம்பிக்கற மழை இல்லைங்க அது, ஏற்கனவே பேஞ்சுட்டு இருக்கற எடத்துக்குள்ள பஸ்ஸு போய் நொழஞ்சுருச்சு.

அப்பா அப்பத்தான் முதல் கேள்வி கேட்டாரு. "ஏங் கண்ணு, கீழ அடிச்ச அதே காத்துதானே இது?"

அதே காத்துதான். அரபிக்கடல்ல இருந்து ஈரத்த அள்ளிட்டு வர்ற தென்மேற்குக் காத்து மலை மேல ஏறும்போது குளுந்து, இருக்கற தண்ணியெல்லாம் இந்தப் பக்கமே கொட்டிருது, அப்பறம் மலையத் தாண்டி கெழக்க எறங்கும்போது வெறும் காத்தா வருது. அதான் உடுமலை, தாராபுரம் பக்கம் காத்தாடி எல்லாம் சுத்தோ சுத்துன்னு சுத்தும், ஒரு சொட்டு மழை இருக்காது. எங்களுக்கு மழைன்னா ஐப்பசிலதான். வருஷம் பூரா சேத்து 60 சென்டிமீட்டர் பேஞ்சா அது நல்ல வருஷம்.

வால்பாறை பஸ் ஸ்டாண்டுல எறங்கி டீ குடிச்சுட்டு, சின்னக்கல்லாறு போற பஸ்ல மறுபடி ஏறுனோம். போற வழி பூரா தேயிலை, நடுவுல நடுவுல சோலைக்காடு, மேகம் ரோட்டு மேலயே படுத்துக் கெடக்குது. நண்பனோட அம்மா கையில பெரிய கருப்புக் குடையோட ஸ்டாப்புல நின்னாங்க. "வாங்கண்ணே, வா தம்பி, மொதல்ல கால முட்டி வரைக்கும் பாத்துக்கங்க"ன்னாங்க. பாத்தா அப்பா கால்ல அதுக்குள்ள ரெண்டு அட்டை.

ஞாயிறு

ராத்திரி பூரா தூங்குனேனான்னு கேட்டா சொல்லத் தெரியல. தகரக் கூரை. மழை கொஞ்சம் கொறையற மாதிரி இருக்கும், சரி விடப்போகுதுன்னு நெனைக்கும்போது முன்ன விட ஓங்கி அடிக்கும். பக்கத்துல இருக்கற ஆள்கிட்ட பேசணும்னா சத்தமாத்தான் பேசணும், இந்த ஊர்ல எல்லாரும் கொஞ்சம் ஓங்கிப் பேசறதுக்கு இதுதான் காரணம்னு நெனைக்கறேன்.

இந்த ஊர் இந்தியாவுலயே மூணாவது மழைன்னு போர்டு, யூடியூப் எல்லாத்துலயும் போடறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லைங்க. மேகாலயா மவ்சின்ராம்ல வருஷ சராசரியே 11,800 மில்லிமீட்டர் பக்கம், நம்ம கர்நாடகா அகும்பேல 7,000 தாண்டும். அந்தப் பட்டம் எதுக்கு, தமிழ்நாட்டுல அதிகமா மழை பெய்யற ஊர்கள எண்ணுனா இது முன்வரிசைல இருக்கும், அதுவே போதும். ஒரே நாள் மழைன்னு பாத்தா நீலகிரி அவலாஞ்சி 2019 ஆகஸ்ட் 8ல வாங்குன 82 சென்டிமீட்டர் இருக்குதே, அப்பாகிட்ட அதைச் சொன்னேன். ஒரே நாள்ல நம்மூரு ஒரு வருஷ மழைய விட ஜாஸ்தின்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்பறம் "அங்க இருந்த சனங்க என்னாச்சு?"ன்னாரு.

இன்னிக்கு வெளிய எங்கயும் போகல, போகவும் முடியல. ஆனா வீட்டுக்குள்ள பாத்ததே நெறைய. முக்கியமா அடுப்பு. சமையல்கட்டுல வெறகடுப்புக்கு மேல கையெட்டற ஒசரத்துல மூங்கில் கழிய கம்பில கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, அதுலதான் துணி காயுது. எல்லாத்தையும் ஒண்ணா போட முடியாது. மறுநாள் வேலைக்குப் போட்டுட்டுப் போறது மட்டும் நடுவுல, சூடு நல்லாப் படற எடத்துல, சாக்ஸ், பள்ளிக்கூடத்து யூனிபாரம் அதுக்கு அடுத்து, போர்வை கடைசில. அரை மணிக்கு ஒருக்கா அம்மா வந்து திருப்பிப் போடறாங்க. கை வெச்சுப் பாத்தேன், சூடா இருக்கு ஆனா ஈரமாவும் இருக்கு. "காஞ்சதுன்னு சொல்ல மாட்டோம் தம்பி, ஒடம்புல போடற பதம்னு சொல்லுவோம்"னாங்க. துணி பூரா புகை வாசம், பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க மேலயும் இதே வாசம் வந்துச்சு, இப்பத்தான் புரியுது.

வெறகு மே மாசமே சேத்து வெச்சு தார்ப்பாய் போட்டு மூடிருவாங்களாம். அரிசி, பருப்பு, கொள்ளு, கருவாடு எல்லாம் முன்னாடியே வாங்கி டின்ல அடைச்சு வெச்சாகணும். தீப்பெட்டிய அரிசிக்குள்ள பொதைச்சு வெச்சிருந்தாங்க, நமுத்துப் போகாம இருக்க. கரண்ட் போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது, ஒரு மரம் விழுந்தா லைன் போயிரும், ஆளுக வந்து வெட்டி எடுத்து மாட்டணும், மாட்டறவங்களும் இதே மழைலதான் கம்பத்துல ஏறறாங்க.

ராத்திரி கொள்ளு ரசம், சுட்ட கருவாடு. அப்பா மூணு தடவ சோறு வாங்குனாரு.

திங்கள்

காலைல ஆறரைக்கே அம்மா கெளம்பிட்டாங்க. தலைக்கு கொங்காணி மாதிரி பிளாஸ்டிக் தாள மடிச்சுப் போட்டு, இடுப்புல இருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் இன்னொரு தாள் சுத்திக் கட்டி, கால்ல பூட்ஸ், பூட்ஸுக்குள்ள மூக்குப்பொடிய எண்ணெயில கொழச்சுத் தடவிக்கறாங்க அட்டைக்கு. அந்தக் காலத்துல எஸ்டேட்ல கம்பளி குடுப்பாங்களாம், நனஞ்சாலும் சூடு விடாது, ஆனா நனஞ்ச கம்பளியோட கனத்துல கழுத்து வலி வந்துரும்னு அவங்கம்மா சொல்லுவாங்களாம். மழைன்னு வேலைய விட முடியாது, மழைலதான் கொழுந்து வேகமா வருது. இப்ப கையில கிள்ளறது கொறவு, கத்தரிதான், வெட்டி வெட்டிப் பைல சேக்கணும். நனஞ்ச இலைன்னா எடை போடும்போது தண்ணிக்குன்னு கழிச்சுருவாங்க, சொமந்து வந்த முதுகுக்கு அந்தக் கழிவு கணக்கு கெடையாது. சரிவுல நிக்கவே எனக்குக் கால் நடுங்குது, அவங்க அதுல நின்னு எட்டு மணி நேரம் வேலை செய்யறாங்க.

இவங்க தாத்தா ராமநாதபுரம் பக்கம் இருந்து வந்தவராம். மழையே பாக்காத சீமைல இருந்து வந்த சனத்த கொண்டாந்து இந்த மழைல விட்டா எப்படி இருந்திருக்கும். மலேரியால கொத்துக் கொத்தா போனாங்கன்னு வால்பாறைல எந்தப் பெரியவரக் கேட்டாலும் ஒரு கதை வெச்சிருக்காங்க. அதுக்கு மருந்து கொயினா, அந்தக் கொயினா எடுக்கற சிங்கோனா மரத்தையே இங்க கவர்மெண்ட் தோட்டம் போட்டு வளத்தாங்க. மாத்திரை வேற வழில செய்ய ஆரம்பிச்சதும் அந்த மரத்துக்கு வேலை இல்லாமப் போச்சு, இப்ப அதுல தேயிலை, டான்டீங்கற கவர்மெண்ட் தேயிலைக் கழகத்து வசம் இருக்கு. சிங்கோனாங்கற பேரு மட்டும் ஊர் பேரா, பஸ் போர்டுல இன்னும் ஓடிட்டு இருக்கு.

எட்டரைக்கு முன்னாடி மழை அளக்கறத பாக்கப் போனோம், நான் இதுக்குத்தான் ரொம்ப ஆசைப்பட்டேன். டிவில வர்ற அந்த நம்பர் பொறக்கற எடம்! பெருசா ஏதாச்சும் மெஷின் இருக்கும்னு அப்பா நெனச்சிருந்தாரு. வேலி போட்ட சின்ன எடம், நடுவுல முழங்கால் ஒசரத்துக்கு ஒரு உருளை, மேல புனல், உள்ள ஒரு பாட்டில், அவ்வளவுதான். அளக்கற அண்ணன் குடைய கக்கத்துல இடுக்கிட்டுப் பாட்டில எடுத்து, கோடு போட்ட கண்ணாடி டம்ளர்ல ஊத்தறாரு, கண்ண கோட்டுக்கு நேரா வெச்சுப் பாத்து ஒரு நோட்டுல எழுதறாரு, கீழ கொட்டறாரு, மறுபடி ஊத்தறாரு. ஒவ்வொரு தடவையும் எழுதிட்டுத்தான் கொட்டறாரு. "எழுதாமக் கொட்டிட்டா போச்சுங்க, அந்த மழை பேயவே இல்லன்னு ஆயிரும்"னாரு. நேத்து எட்டரைல இருந்து இன்னிக்கு எட்டரை வரைக்கும் கூட்டுனா 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. "இது சாதாரண நாளுங்க"ன்னு சொல்லிட்டு போன் பண்ணப் போயிட்டாரு.

அப்பா அங்கயே நின்னுட்டு, பத்து சென்டிமீட்டர்னா ஒரு ஏக்கருக்கு எவ்வளவு தண்ணின்னு கேட்டாரு. போன்ல போட்டுப் பாத்தேன், 4 லட்சம் லிட்டருக்கு மேல வருது. எங்கூர்ல கோடைல தென்னைக்கு லாரித் தண்ணி வாங்கி ஊத்துவோம், 12,000 லிட்டர் லாரி ஒண்ணு வந்தா எறக்கறதுக்குள்ள பத்து தடவ எட்டிப் பாப்பாரு. ஏக்கருக்கு 33 லாரி, ஒரே நாள்ல, அதுவும் சாதாரண நாள்ல. அவரு பதில் எதும் சொல்லல, துண்ட எடுத்துத் தலைய தொடச்சுக்கிட்டாரு, மழை பெஞ்சுட்டேதான் இருக்கு.

மத்தியானம் கொஞ்சம் வெளுத்துச்சு. சின்னக்கல்லாறு அருவிக்குப் போற வழிய காட்டிலாகா அடைச்சுட்டாங்க, இந்த வெள்ளத்துல அங்க எறங்குனா ஆள் மிஞ்சாது, அடைச்சது ரொம்பச் சரி. அருவிய விட எங்களுக்கு நீராறுதான் முக்கியம், தூரத்துல இருந்தாவது பாத்துட்டோம். செங்கல் நெறத்துல தண்ணி பொங்கிட்டுப் போகுது.

பிஏபி பாசனத்துல இல்லாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். இந்த நீராறு தானாப் போனா கேரளால எடமலையாறு, பெரியாறுன்னு மேற்க போய் கடல்ல சேரும். அதை இங்கயே தடுத்து, மலைக்குள்ள சுரங்கம் வெட்டி சோலையாறு அணைக்குத் திருப்பி விட்டாங்க. சோலையாறுல இருந்து மானாம்பள்ளி பவர் ஹவுஸ் வழியா பரம்பிக்குளம், அங்க இருந்து தூணக்கடவு, சர்க்கார்பதி, அப்பறம் மலைய ஒட்டியே 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய்ல வந்து திருமூர்த்தி அணை. திருமூர்த்தில இருந்துதான் எங்க வாய்க்கால். அந்தப் பாசனம் மட்டும் 3.77 லட்சம் ஏக்கர், நாலு மண்டலமாப் பிரிச்சு மொறை வெச்சு விடுவாங்க, எங்க மொறை வர ரெண்டு வருஷம் ஆகும். மேல்நீராறு தண்ணி வருஷம் பூரா நமக்கில்ல, 1970ல ரெண்டு மாநிலமும் போட்ட ஒப்பந்தப்படி அக்டோபர் 1ல இருந்து ஜனவரி 31 வரைக்கும் அது கேரளாவுக்கு. இப்ப ஆடில பெய்யறதுதான் நமக்கு. நீராறுல இருந்து நேரா நல்லாறு வழியா திருமூர்த்திக்குச் சுரங்கம் போடணும், சுத்தி வர்ற தூரம் மிச்சம்னு எங்காளுக பல வருஷமா கேட்டுட்டு இருக்காங்க, அப்பாவும் அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போவாரு.

அந்தக் கூட்டங்கள்ல நானும் உக்காந்திருக்கேன். டிஎம்சி பேசுவாங்க, சுரங்கம் பேசுவாங்க, ஒப்பந்தம் பேசுவாங்க. இங்க ஒரு சனம் இருக்குது, இந்த மழைய வருஷத்துல நாலு மாசம் தலைல வாங்கிட்டுத்தான் அவங்க வாழ்க்கைன்னு ஒருத்தர் கூடப் பேசி நான் கேட்டதில்ல. 2024 ஜூலை 30, வயநாட்டுல மலை சரிஞ்ச அதே நாள், இந்தப் பக்கம் சோலையாறு அணை கிட்ட வீட்டு மேல மண்ணு சரிஞ்சு ஒரு பாட்டியும் பேத்தியும் போயிட்டாங்க. எங்கூர்ல அன்னிக்கு "டேம் நெறையுது"ன்னு சந்தோஷமாப் பேசிட்டு இருந்தோம். அம்மா வீட்டுக்குப் பின்னாடி மண் சுவரு. ராத்திரி சத்தம் மாறுச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துருவேன்னு சொன்னாங்க. என்ன சத்தம்னு கேட்டேன். "கல்லு உருளற சத்தம் தனியாத் தெரியும் தம்பி"ன்னாங்க. லைன் வீடுகளுக்குப் பின்னாடி நல்ல தடுப்புச் சுவரு கட்டிக் குடுக்கணும், மழைக்கு முன்னாடி, ஒவ்வொரு எஸ்டேட்லயும். எங்க விவசாயிக கூட்டத்துல இனி அதையும் ஒரு தீர்மானமா எழுதணும்னு அப்பாகிட்ட சொன்னேன். "எழுதீரலாம்"னாரு.

செவ்வாய்

அம்மாகிட்ட சொல்லிட்டுக் கெளம்பும்போது அப்பா வீட்ல இருந்து கொண்டாந்த தேங்காய், நாட்டுச் சக்கரை போக, ஒரு கவர்ல பணம் வெக்கப் பாத்தாரு. அவங்க தொடவே இல்ல. "அண்ணே, தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டு இதென்ன"ன்னாங்க. சரி அம்மிணி, தை மாசம் எங்கூட்டுக்கு வந்தே ஆகணும், வெயில் காயறதுக்காச்சும் வான்னு சொல்லிட்டு வந்தாரு.

வால்பாறை வந்து சோலையாறு அணை போனோம். புதுத்தோட்டம் பக்கம் போனா சிங்கவால் குரங்கு பாக்கலாம்னாங்க, நேரமில்ல. ஆனா ரோட்டுக்கு மேல இருவாச்சி ஒண்ணு பறந்துச்சு, அந்த றெக்கைச் சத்தம் பஸ்ஸுக்குள்ள கேட்டுச்சு. அணை முழுக் கொள்ளளவு 160 அடி, நெறையக் கொஞ்சந்தான் பாக்கி. நெறஞ்சா மிச்சம் சேடல் பாதை வழியா பரம்பிக்குளம் போயிரும். அப்பா கரையோரம் ஒரு மணி நேரம் நின்னாரு, நான் எதும் பேச்சுக் குடுக்கல.

அங்க இருந்து கொஞ்ச தூரத்துல மளுக்கப்பாறை, கேரளா செக்போஸ்ட். சாலக்குடில இருந்து கேரளா பஸ் அது வரைக்கும் வருது. டீக்கடைல மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசறாங்க, யாரு எந்த ஸ்டேட்டுன்னு பிரிக்கவே முடியல. கடைக்காரர் அப்பாவ எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னதும் "ஓ, வெள்ளம் கொண்டு போற ஆளுகளா"ன்னு சிரிச்சாரு, வெள்ளம்னா அவங்க பாஷைல தண்ணி. இதே சோலையாறுல இருந்து கேரளா சோலையாறுக்கும் ஒப்பந்தப்படி வருஷம் 12.3 டிஎம்சி போகுது, அதை அப்பா சொன்னதும் அவரு தலையாட்டிட்டு, எங்களுக்கு மழை போதும் போதும்னு இருக்கு, நீங்க எடுத்துக்கங்கன்னு கட்டன் சாயா ரெண்டு குடுத்தாரு. காசு வாங்கிட்டாரு.

மழைல வர்றவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வாங்க, ஆனா ஆத்துல எறங்காதீங்க, கூழாங்கல் ஆறு பாக்க சாதுவா இருக்கும், மேல பெய்யறது கீழ நிக்கறவனுக்குத் தெரியாது. யானை வந்தா ரோட்டோரம் செவப்பு லைட் எரியற மாதிரி சில எடத்துல வெச்சிருக்காங்க, எரிஞ்சா நின்னுருங்க. வளைவுல கார நிறுத்தி போட்டோ எடுத்து பஸ்ஸ மறிக்காதீங்க, அந்த பஸ்லதான் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களும் உக்காந்திருக்காங்க. முடிஞ்சா தேயிலைய நேரா அங்கயே வாங்குங்க.

வால்பாறை பஸ் ஸ்டாண்டுல சிக்னல் கெடச்சதும் அப்பா வாய்க்கால் பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு போனப் போட்டாரு. மழைச் சத்தத்துக்கு மேல கத்திட்டு இருந்தாரு. "மாப்ள, சோலையாறு நெறையப் போகுது, கண்ணுல பாத்துட்டு வர்றேன். நம்ம கெளை வாய்க்கால்ல சீமைக் கருவேலம் மண்டிக் கெடக்குதே, தண்ணி தொறக்கறதுக்குள்ள வெட்டி எடுத்துப் போடணும், ஜேசிபி எப்ப வரும்னு கேட்டு வை. ஆமா, செலவு பாதிப் பாதி. அப்பறம் சங்கத்துக் கூட்டம் என்னிக்குன்னு கேளு, எனக்கு அதுல ஒரு தீர்மானம் குடுக்கணும்."